அளத்துப் புறாவின் இரண்டாவது சரணம்

ஆகஸ்ட் 18, திங்கள்

‘அளத்துப் புறா ஹலோ ஹலோ’ வீடியோவில் பாடகருக்குப் பின்னால் கடந்துபோகும் உப்பு லாரியை ஓட்டியவர் முத்தையாபுரம் சுயம்புலிங்கம். இதை இன்று காலை தொலைபேசியில் சுயம்புலிங்கமே உறுதி செய்தார். லாரியின் எண் பாதிதான் தெரிகிறது. ஆனால் பின்கதவில் எழுதியிருந்த அவருடைய பிள்ளைகளின் பெயர்களை நான் வாசித்துக் காட்டியதும் அவர் மறுக்கவில்லை.

பாடகரைப் பற்றிக் கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “சொசைட்டில வேல பாத்த பய அண்ணாச்சி. வெள்ளக் கோட்டு, வெள்ளப் பேண்டு. உப்புக்கு முன்னால வந்து நின்னான்னா ஆளே தெரியல. நான் ஆரன்கூட அடிக்கல. தல மட்டும் தனியா ஆடுதேன்னுதான் பிரேக்கப் போட்டேன்.”

ஆக, பாடகர் ஒரு கூட்டுறவுச் சங்க ஊழியர். ஆதாரம் ஒன்றுதான். இரண்டாவது ஆதாரம் கிடைக்கும்வரை இது வெறும் தகவல். நாளிதழில் நிருபராக இருந்த காலம் முழுவதும் இந்த விதியை மீறியதில்லை. சென்ற மாதம் ஓய்வு பெற்றுவிட்டேன் என்பதற்காக மீறவும் போவதில்லை. இன்னொரு விதியும் உண்டு: சொந்த வீட்டார் சொல்வதைச் செய்தியாக எடுத்துக்கொள்வதில்லை. அவர்களுக்கு நம்மைச் சந்தோஷப்படுத்தவோ வாயை அடைக்கவோ வேண்டியிருக்கும்.

பிற செய்திகள்: மகள் வேல்பிரியாவின் ஜாதகமும் கோவில்பட்டி ரோட்டு மாப்பிள்ளையின் ஜாதகமும் பொருந்தியிருப்பதாகத் தரகர் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருகிறார்கள். மாப்பிள்ளையின் அப்பா ஆறுமுகநயினார் கூட்டுறவுச் சங்கச் செயலாளராம். கண்டிப்பான மனிதர் என்கிறார்கள். தண்ணீர் லாரி வரவில்லை.

ஆகஸ்ட் 20, புதன்

புதிய நாட்குறிப்பு என்பதால் பின்னணியை ஒருமுறை எழுதி வைப்பது நல்லது.

கேபிள் டிவி வந்த புதிதில் ஊருக்கு ஊர் ஆல்பம் பாட்டு எடுத்தார்கள். சினிமா கிடையாது. கல்யாண வீடியோ எடுக்கும் ஸ்டுடியோக்காரர் கேமரா, உள்ளூர் கீபோர்டு, சொந்தப் பணம், சொந்த முகம். உள்ளூர் கேபிளில் இரண்டு வாரம் ஓடும். பிறகு காணாமல் போய்விடும். நான் அவற்றின் ரசிகன். புதுக்கோட்டைப் பாட்டு ஒன்றில் கதாநாயகன் ஒரே பூங்கொத்தை நான்கு முறை கொடுப்பான், நான்கு முறையும் அவள் புதிதாகத் திடுக்கிடுவாள். கரூர்ப் பாட்டு ஒன்றில் பின்னணித் திரையாகக் கட்டிய போர்வையில் விலைச்சீட்டு தொங்கும். இதையெல்லாம் கேலி செய்வதற்காகப் பார்க்கிறவர்கள் உண்டு. நான் அந்த ரகம் இல்லை. கேமராவுக்கு வாடகை கொடுத்தாகிவிட்டது, வெளிச்சம் போய்க்கொண்டிருக்கிறது, அம்மா தூரத்தில் நின்று பார்க்கிறாள் என்ற பதற்றம் அந்த முகங்களில் அப்படியே இருக்கும். அந்தப் பதற்றத்தோடுதான் ஆடுவார்கள். பெரிய நடிகர்களிடம் அது கிடையாது.

எல்லாவற்றிலும் உயர்ந்தது எங்கள் தூத்துக்குடியில் 1996-இல் எடுத்த ‘அளத்துப் புறா’. பாடி ஆடியவர் பெயர் ‘பிரின்ஸ் ஏ.என்.’ என்று எழுத்து ஓடுகிறது. ஏ.என். என்பதன் விரிவு தெரியவில்லை. வெள்ளை உப்பளத்தில் வெள்ளைக் கோட்டு போட்டு ஆடியிருக்கிறார். வெயிலில் உடம்பு மொத்தமும் மறைந்து, ஒரு தலையும் கறுப்புக் கையுறை போட்ட இரண்டு கைகளும் மட்டும் ஆகாயத்தில் ஆடுகின்றன. பின்னால் மூன்று பெண்கள், ஒரு நாய். மஸ்கட்டில் இருக்கும் யாரோ முதல் பாதியை மட்டும் இணையத்தில் ஏற்றியிருக்கிறார். கீழே அப்பள விளம்பரம் ஓடுகிறது. முதல் சரணம் முடிந்து, தலையும் கைகளும் உப்பு அம்பாரத்தின் மேல் ஏறத் தொடங்கும் இடத்தில் கிளிப் நின்றுவிடுகிறது.

ஏறியபின் என்ன ஆனது? எங்கள் ‘ஆல்பம் பாட்டு மன்றம்’ வாட்ஸப் குழுவில் இது தீராத வழக்கு. நாகர்கோவில் பல் மருத்துவர் குலசேகரன், உச்சியில் ஹெலிகாப்டர் வந்து தூக்கிக்கொண்டு போகும் என்கிறார். சின்ன வயதில் பார்த்தாராம். அப்பள விளம்பரத்தோடு ஓடிய பாட்டில் ஹெலிகாப்டர் இருக்க வாய்ப்பில்லை என்பது என் தரப்பு. நானும் அந்தக் காலத்தில் ஒரு டீக்கடை டிவியில் இதைப் பார்த்தேன். அவர் ஏறத் தொடங்கியபோது என் பஸ் வந்துவிட்டது. அந்த பஸ்ஸில் ஏறியிருக்கக் கூடாது.

கிளிப்பை இன்றும் நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். மனைவி செந்தூர்க்கனி தேங்காய் துருவிக்கொண்டே சைக்கிள் பற்றி ஏதோ பாடிக்கொண்டிருந்தாள். வேலை கெடுகிறது, மெதுவாகப் பாடு என்றேன்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

மாப்பிள்ளை வீட்டார் குறித்த நேரத்துக்கு வந்தார்கள். மாப்பிள்ளை ராம்குமரன் துறைமுகத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறான். வேல்பிரியாவைப் பார்த்ததும் தண்ணீரை டம்ளரோடு கீழே போட்டான். அவள் சிரித்துவிட்டாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. அல்லது பார்க்கும் நேரத்தில் நான் வீட்டில் இருந்ததில்லை.

ஆறுமுகநயினார் சிரிக்கவில்லை. உட்காருவதற்கு முன் சட்டைக் கைகளை இரண்டு உதறு உதறி, முகத்தை இடது பக்கம் ஒரு வெட்டு, வலது பக்கம் ஒரு வெட்டு, பிறகு மோவாயைத் தூக்கினார். கிளிப்பின் தொடக்கத்தில் பிரின்ஸ் ஏ.என். செய்வதும் இதே வரிசையில்தான். இப்படிப் பழக்கமுள்ளவர்கள் மாவட்டத்தில் பலர் இருக்கலாம்.

அவர் நிபந்தனைகளைச் சொன்னார். நகை பற்றி ஒரு வார்த்தை இல்லை. கல்யாணத்தில் பாட்டுக் கச்சேரி கூடாது, மணமக்கள் ஆடிக்கொண்டு மண்டபத்துக்குள் வரக் கூடாது, வீடியோவே கூடாது. போட்டோ எடுக்கலாம், நின்ற வாக்கில். நடுவில் அவருக்குப் போன் வந்தது. எடுத்ததும் “சொல்லுங்க” என்றார். ஹலோ என்று சொல்லவில்லை. இதை ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

பேச்சு வளரட்டும் என்று, அந்தக் கால ஆல்பம் பாட்டுகள் பிடிக்குமா என்று கேட்டேன். அவருக்குக் கேசரி புரையேறிவிட்டது. ராம்குமரன் முதுகில் தட்டினான். அவர் அதற்குப்பின் அதிகம் பேசவில்லை. ஆனால் பையனுக்குப் பெண் பிடித்துவிட்டதால் செப்டம்பர் 14-இல் நிச்சயதார்த்தம் வைத்துக்கொள்வதாகப் பேசி முடித்தோம். அதை விட்டால் புரட்டாசி வந்துவிடும்.

அவர்கள் போனபின் பாத்திரம் ஒதுக்கும்போது செந்தூர்க்கனி, “ஏங்க, அவிய அப்பா நம்ம கேசட்டுல வருதவரு மாதிரியே இருக்காவ” என்றாள். எந்தக் கேசட் என்று கேட்கவில்லை. வீட்டார் தகவல்.

ஆகஸ்ட் 27, புதன்

பிள்ளையார் சதுர்த்தி. கொழுக்கட்டை. வேல்பிரியா இரண்டு மணி நேரம் மொட்டை மாடியில் போனில் பேசினாள். எதிர்முனையில் யார் என்பது ஊகம்தான்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

இடத்துக்குப் போகாமல் செய்தி கிடைக்காது. கூட்டுறவுச் சங்க அலுவலகத்துக்குப் போனேன். சம்பந்தியாகப் போகிறவர் அங்கேதான் செயலாளர் என்பதால் பழைய ஊழியர்கள் விவரம் எளிதில் கிடைக்கும் என்பது என் எண்ணம்.

1996-இல் இங்கே வேலை பார்த்த, பாடக்கூடிய இளைஞர் யார் என்று வாசலில் இருந்த காவலாளியிடம் கேட்டேன். அவர் செயலாளர் அறையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பிறகு, செயலாளர் வெளியே கள ஆய்வுக்குப் போயிருக்கிறார் என்றார். ஸ்கூட்டர் வாசலில் நின்றது. செயலாளர் அறையின் கதவு உள்ளே தாழ் போடும் சத்தம் கேட்டது. அலுவலகத்தில் காற்று அதிகம்.

என் பழைய நிருபர் அட்டையின் பின்புறம் ஒரு வரி எழுதி, செயலாளரிடம் கொடுக்கச் சொல்லிவிட்டு வந்தேன்: ‘1996 உப்பளச் சம்பவம் தொடர்பாகத் தங்களிடம் சில கேள்விகள். விரைவில் சந்திக்கிறேன்.’ சுருக்கமாகவும் மரியாதையாகவும் இருந்தது.

திரும்பும்போது இட்லி மாவு வாங்கினேன்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

தரகர் போன் செய்தார். ஜாதகத்தை இன்னொரு ஜோசியரிடம் காட்டவேண்டும் என்று ஆறுமுகநயினார் சொல்கிறாராம். நிச்சயதார்த்தத்துக்கு மண்டபம் பிடிப்பதைக் கொஞ்சம் நிறுத்தி வைக்கச் சொன்னார். காரணம் தெரிவிக்கப்படவில்லை. ஆறுமுகநயினாரைத் தொடர்புகொண்டபோது பதில் கிடைக்கவில்லை.

செப்டம்பர் 2, செவ்வாய்

வேல்பிரியா இரவுச் சாப்பாடு சாப்பிடவில்லை. வயிற்று வலி என்று தெரிவிக்கப்பட்டது.

செப்டம்பர் 3, புதன்

இன்றும் வயிற்று வலி.

செப்டம்பர் 4, வியாழன்

வயிற்று வலி இல்லை என்று செந்தூர்க்கனி தெளிவுபடுத்தினாள். நான் பேப்பரை மடித்து வைக்கும்வரை காத்திருந்து சொன்னாள். ராம்குமரன் வேல்பிரியாவிடம் அழாத குறையாகப் பேசியிருக்கிறான். அவனுடைய அப்பா வீட்டில் யாரிடமும் பேசுவதில்லை, ‘அந்த நிருபர் வீடு வேண்டாம்’ என்பதை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்கிறாராம்.

சற்று நேரத்தில் வேல்பிரியாவே வந்தாள். அவள் கோபப்பட்டால் சமாளித்துவிடுவேன். கோபப்படவில்லை.

“அப்பா, அவங்க அப்பாகிட்ட நீங்க என்ன கேட்டீங்க?”

“பாட்டு பிடிக்குமான்னு கேட்டேன்.”

“அவ்வளவுதானா?”

அட்டையைப் பற்றிச் சொன்னேன். எழுதிய வரியை அப்படியே ஒப்பித்தேன். அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“சம்பவம்னா எழுதினீங்க? பாட்டு ஷூட்டிங்கையா? அப்பா, அத வாசிச்சா யாரோ ஆளக் கொன்னு உப்புல பொதச்ச மாதிரில்லா இருக்கு.”

சம்பவம் என்பது பொதுவான சொல். எதற்கும் பொருந்தும் என்பதால்தான் எங்கள் தொழிலில் அதைப் பயன்படுத்துகிறோம். இதை அவளிடம் விளக்கினேன். செந்தூர்க்கனி என் கையிலிருந்த காபி டம்ளரை வாங்கிக்கொண்டு போய்விட்டாள். காபி பாதி இருந்தது.

செப்டம்பர் 6, சனி

பல் மருத்துவர் குலசேகரன், பல்லை எக்ஸ்ரே பார்க்கும் பொறுமையோடு கிளிப்பிலிருந்து ஒரு படத்தைப் பெரிதாக்கித் துலக்கி அனுப்பியிருக்கிறார். பிரின்ஸ் ஏ.என்.-இன் வலது காதுக்குக் கீழே, மிளகு அளவில் ஒரு மச்சம். மன்றத்தில் பரபரப்பு.

பெண் பார்க்க வந்த அன்று எடுத்த குழுப் படம் என் போனில் இருக்கிறது. அதையும் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒப்பிட்டேன்.

முடிவை இங்கே எழுதவில்லை.

செப்டம்பர் 7, ஞாயிறு

எழுதித்தான் ஆகவேண்டும். சுயம்புலிங்கம் ஒரு ஆதாரம், மச்சம் ஒரு ஆதாரம். இரண்டு ஆகிவிட்டது. உறுதியாகிறது.

இத்தனை வருடம் தேடிய ஆளுக்கு என் கையால் கேசரி பரிமாறியிருக்கிறேன். இரண்டாவது சரணம் எங்கே இருக்கிறது என்று தெரிந்தவர் உலகத்தில் ஒருவர் இருக்கிறார் என்றால் அவர்தான். அவரிடம் அதைக் கேட்டால் வேல்பிரியாவின் கல்யாணம் நின்றுவிடும். கேட்காமலே பாதி நின்றுவிட்டது.

மாலையில் மன்றக் குழுவில் ஒரு செய்தி போட்டேன்: ‘அளத்துப் புறா குறித்த தேடலிலிருந்து விலகிக்கொள்கிறேன். தனிப்பட்ட காரணம். பாடகரின் அடையாளம் பற்றி என்னிடம் தகவல் எதுவும் இல்லை.’ நிருபராக இருந்த காலத்தில் இப்படி ஒரு பொய்யை எழுதியதில்லை. குலசேகரன், ‘அப்ப ஹெலிகாப்டர்னு ஒத்துக்கிறீங்களா?’ என்று கேட்டார். ஒப்புக்கொள்கிறேன் என்று பதில் போட்டேன். அதுதான் மிகவும் கஷ்டமாக இருந்தது.

போனிலிருந்து கிளிப்பை அழித்தேன். செவ்வாய்க்கிழமை நேரில் போய், எந்தக் கேள்வியும் கேட்கமாட்டேன் என்று ஆறுமுகநயினாரிடம் சொல்லிவிட்டு வரலாம் என்று இருக்கிறேன்.

செப்டம்பர் 8, திங்கள்

நான் போவதற்கு முன்பே அவர் வந்துவிட்டார். காலை பதினொரு மணி இருக்கும். வேல்பிரியா வேலைக்குப் போயிருந்தாள். வாசலில் நின்றவர் கையில் மக்ரூன் பொட்டலம். சம்பந்தத்தை முறிக்க வந்தாலும் வெறுங்கையோடு வரக்கூடாது என்று நினைத்திருக்கிறார். சட்டைக் கையை உதறத் தொடங்கி, நான் பார்ப்பதைக் கவனித்ததும் பாதியில் நிறுத்தினார். முகத்தை வெட்டாமலே உட்கார்ந்தார்.

“ஒங்களுக்கு என்ன வேணும்? நேரா சொல்லிருங்க அண்ணாச்சி” என்றார்.

எந்தக் கேள்வியும் இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். நேற்றிலிருந்து மனதுக்குள் ஒத்திகை பார்த்த வாக்கியம் அது. ஆனால் வெளியே வந்தது வேறு.

“ரெண்டாவது சரணம் வேணும்.”

அவர் மக்ரூன் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டார்.

“அதுக்குத்தானா?”

“அதுக்குத்தான்.”

“பேப்பர்ல போடதுக்கு இல்லியே?”

ஓய்வு பெற்றுவிட்டேன் என்றேன். பிறகு சொல்ல வேண்டியதைச் சொன்னேன். அந்தப் பாட்டை டீக்கடையில் பாதி பார்த்தது, பஸ் வந்தது, அன்றிலிருந்து மீதியைத் தேடுவது. தலையும் கையும் மட்டும் ஆடினாலும், இருக்கிற வீடியோக்களிலேயே அதுதான் எனக்குப் பிடித்தது என்பது. சிரிப்பதற்காக அல்ல என்பதை இரண்டு முறை சொன்னேன்.

அவர் நிமிர்ந்து மின்விசிறியைப் பார்த்தார். பிறகு தணிந்த குரலில் பேசினார். கேபிளில் ஓடிய இரண்டு வாரமும் ஊர் முழுக்கச் சிரித்ததாம். அம்பாரத்தின் உச்சியிலிருந்து அவர் விழுந்துவிட்டார். விழுந்ததை வெட்டச் சொல்லியும் ஸ்டுடியோக்காரர் வெட்டவில்லை. ஆகவே ஊரில் யார் யாரிடம் பாட்டின் கேசட் இருக்கிறதோ அவர்கள் வீட்டுக்கெல்லாம் போய்க் கேட்டு வாங்கி, அவற்றின்மேல் கூட்டுறவு வார விழாச் சொற்பொழிவைப் பதிவு செய்து அழித்திருக்கிறார். மனைவிக்குத் தெரியும். மகனுக்குத் தெரியாது.

“ஆபீசு போன எடுத்து ஹலோன்னா, அந்தப் பக்கத்துல இருக்கவன் ஹலோ ஹலோன்னு பாடுவான். அன்னைல இருந்து போன எடுத்தா ‘சொல்லுங்க’ன்னுதான் சொல்லுவேன். இப்ப மெம்பர்மாரெல்லாம் என்னப் பாத்தா எந்திச்சு நிக்காவ. எம்மவன் அந்த வீடியோவப் பாத்தாம்னா…”

“மிச்சம் ஒண்ணுகூட இல்லியா?”

“ஒண்ணுகூட இல்ல. எல்லாத்துலயும் சொற்பொழிவுதான்.”

கல்யாணம் ஒருபக்கம் இருக்கட்டும், என் தேடல் அங்கேயே முடிந்துவிட்டது. அப்போதுதான் சமையலறைக் கதவருகிலிருந்து பாட்டு வந்தது. செந்தூர்க்கனி காபித் தட்டோடு நின்றுகொண்டு, கைத்தாளம் போட முடியாததால் தலையால் தாளம் போட்டபடி பாடினாள்.

“பாத்திக்குள்ள நிலா விழுந்தா
பாக்கெட்டுல போடுவேன்
லாரியில நீ ஏறிப் போனா
சைக்கிளோட ஓடுவேன்…”

ஆறுமுகநயினார் எழுந்து நின்றுவிட்டார். நான் மூன்று வாரமாகத் தேங்காய்த் துருவலுக்கும் மிக்சிக்கும் நடுவே கேட்டுக்கொண்டிருந்த பாட்டு அது.

“இது எப்படித் தெரியும் ஒனக்கு?” என்றேன்.

“நம்ம கல்யாண கேசட்டுலதான் இருக்கே” என்றாள். “எத்தன தடவ சொல்லியிருக்கேன்.”

விவரம் இது. எங்கள் கல்யாணத்துக்கு வீடியோ எடுத்தவரும் ‘அளத்துப் புறா’வை எடுத்தவரும் ஒரே ஸ்டுடியோக்காரர். அந்தக் காலத்தில் கல்யாணக் கேசட்டில் தாலி கட்டு முடிந்ததும், சாப்பாட்டுப் பந்திக்கு முன்னால், இடத்தை நிரப்ப ஒரு சினிமாப் பாட்டைக் கோத்து, நடுநடுவே மணமக்கள் முகத்தை இதய வடிவத்துக்குள் வைத்துச் சுழல விடுவார்கள். எங்கள் ஆள், சினிமாப் பாட்டுக்கு எங்கே போவது என்று, கையிலிருந்த தன் சொந்தப் பாட்டையே முழுதாகக் கோத்துவிட்டார். இருபத்தெட்டு வருடமாக அது என் வீட்டு பீரோவில், அவளுடைய கல்யாணப் புடவைக்கு அடியில் இருக்கிறது.

நான் அந்தக் கேசட்டைப் பார்த்ததில்லை. முதலில் தேர்தல் வந்தது. பிறகு புயல். பிறகு மாநாடு. பிறகு வீட்டில் இருந்த வீடியோ டெக் பழுதாகிவிட்டது. அதற்குமுன் அவள் மட்டும் பார்த்திருக்கிறாள். பலமுறை பார்த்திருப்பாள் என்று தெரிகிறது, ஒரு சொல்கூடத் தவறவில்லை.

“விழுந்ததும் இருக்கா?” என்றார் ஆறுமுகநயினார். குரல் மிகவும் மெலிந்திருந்தது.

“அதுதான் அண்ணாச்சி அருமை.” அவள் தட்டைக் கீழே வைத்தாள். “உச்சிக்கு ஏறி ரெண்டு கையையும் விரிப்பீய. உப்பு சரிஞ்சிரும். உருண்டு வந்து ஓடைல விழுவீய, இடுப்பு மட்டும் சேறு. அதுவரைக்கும் வெறும் தலதான் தெரியும். சேறு அப்பின பெறவுதான் ஆளு மொத்தமா தெரிவீய. தெரிஞ்ச ஒடனே எந்திச்சு நின்னு மிச்சப் பாட்டையும் பாடுவீய. நிறுத்தவே இல்ல.”

அவர் மறுபடி உட்கார்ந்தார்.

“எங்க கேசட்டப் பாத்த யாரும் எங்க ரெண்டு பேரப் பத்தியும் கேக்க மாட்டாவ. இந்தப் பையன் யாருன்னுதான் கேப்பாவ. கல்யாணமான புதுசுல, இவிய வீட்டுக்கு வராத அன்னைக்கெல்லாம் அதத்தான் போட்டுப் பாப்பேன். விழுந்தும் நிறுத்தலியே, நமக்கு என்னன்னு தோணும்.”

காபி ஆறிக்கொண்டிருந்தது. ஆறுமுகநயினார் பொட்டலத்தைப் பிரித்து, ஒரு மக்ரூனை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். கொண்டு வந்தவரே முதலில் சாப்பிட்டதை நான் இப்போதுதான் பார்க்கிறேன்.

“ஹெலிகாப்டர் ஏதாவது வந்துதா அண்ணாச்சி?” என்று கேட்டேன்.

“ஹெலிகாப்டரா? ஓடைல இருந்து என்னத் தூக்க ஒரு கயறு கெடைக்கல.”

போகும்போது வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே, செந்தூர்க்கனி பக்கம் திரும்பாமல், “ஸ்டெப்பு சரியா இருக்கா தங்கச்சி? அதுல?” என்று கேட்டார். ரொம்பச் சரியாக இருக்கிறது என்றாள். மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்துவிடலாம் என்று என்னிடம் சொன்னார். தெருமுனையில் நின்று சட்டைக் கைகளை உதறி, இடது பக்கம் ஒரு வெட்டு, வலது பக்கம் ஒரு வெட்டு. மோவாயைத் தூக்கிக்கொண்டு போனார்.

மன்றத்துக்குத் திருத்தம் அனுப்பினேன்: ‘ஹெலிகாப்டர் இல்லை. நேற்றைய ஒப்புதல் வாபஸ்.’

செப்டம்பர் 9, செவ்வாய்

வேல்பிரியா மூன்று வேளையும் சாப்பிட்டாள்.

செப்டம்பர் 11, வியாழன்

கேசட்டை எடுத்துப் பார்த்தேன். நாடாவில் பூஞ்சை படிந்திருக்கிறது. அட்டையில் எங்கள் பெயர்களுக்குக் கீழே ஸ்டுடியோக்காரர் கையெழுத்தில், ‘ஸ்பெஷல் சாங் உண்டு’ என்று இருக்கிறது. பழைய கேசட்டைச் சுத்தம் செய்து மாற்றித்தரும் ஒருவர் மதுரையில் இருப்பதாகக் குலசேகரன் விலாசம் கொடுத்தார். தோற்றவர் என்ற முறையில் கௌரவமாக நடந்துகொண்டார். கூரியரில் அனுப்ப மனம் வரவில்லை. பஸ்ஸில் நானே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தேன். வழியில் மடியைவிட்டு இறக்கவில்லை.

செப்டம்பர் 14, ஞாயிறு

நிச்சயதார்த்தம் நல்லபடியாக நடந்தது. சாம்பார் சற்றுத் தண்ணீர். தட்டு மாற்றும்போது யாரோ வைத்திருந்த போன் ஒலித்தது, ஆறுமுகநயினார் அதை எடுத்து, கொஞ்சம் தயங்கி, “ஹலோ” என்றார். நான் மட்டுமல்ல, செந்தூர்க்கனியும் கவனித்தாள். ராம்குமரன் எதற்கென்று தெரியாமலே எங்களைப் பார்த்துச் சிரித்தான். அவனிடம் கேசட் வந்தபின் தானே சொல்லிக்கொள்வதாக அவன் அப்பா என் காதில் சொன்னார்.

செப்டம்பர் 18, வியாழன்

மதுரைக்காரர் இன்று பேசினார். பூஞ்சையை எடுத்தாகிவிட்டது, ஓரிடத்தில் மட்டும் நாடா கசங்கியிருக்கிறது, படம் வரும் என்று நம்புகிறார். வருகிற ஞாயிறன்று பென்டிரைவில் தருவார். அன்று மாலை ஆறுமுகநயினார் குடும்பத்தோடு இங்கே வருகிறார். மகனுக்குப் பக்கத்தில் உட்கார மாட்டாராம், பின்னால் நின்றுகொள்வாராம். மன்றத்தார் வரட்டுமா என்று கேட்டார்கள். முதல் முறை வேண்டாம், வீட்டார் மட்டும் என்று சொல்லிவிட்டேன்.

கேசட்டில் பாட்டுக்கு முன்னால் எங்கள் தாலி கட்டு வருகிறது. ஓட்டிவிடலாமா என்று கேட்டேன். ஓட்டக்கூடாது என்று உத்தரவு. ஆகவே அதையும் பார்ப்பேன்.

நிலுவையில் இருப்பது ஒன்று. ஐப்பசிக் கல்யாணத்தில் சம்பந்தி ஆடுவாரா என்பது. வீடியோ கூடாது என்ற நிபந்தனையை அவர் தளர்த்திவிட்டார். ஆடுவதைப் பற்றி வாய் திறக்கவில்லை. ஆனால் வெள்ளைக் கோட்டுத் துணி எடுத்து டவுனில் தைக்கக் கொடுத்திருக்கிறாராம். தையல்காரர் தீபாவளி முடிந்த வாரத்தில் தருவதாகச் சொல்லியிருக்கிறார். அப்போது தெரியும். ஆதாரம்: செந்தூர்க்கனி. இரண்டாவது ஆதாரம் தேடவில்லை.